மாதத்தில் 45 நாள்

ஒரு மாதத்தில் பெண்கள் 45 நாள் வேலை செய்வார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார் பான் கூ. கி.பி. முதல் நூற்றாண்டில் சீனாவின் ஹான் பேரரசின் வரலாற்றைத் தொகுத்தவர். அந்த வரலாற்றில் உணவையும் பணத்தையும் பற்றித் தனியாக ஒரு பகுதி உண்டு. பழைய காலத்துக் கிராமங்களில் குளிர்காலம் வந்ததும் ஒரே சந்தில் இருக்கிற பெண்கள் ஓரிடத்தில் கூடி ராத்திரியில் நூல் திரிப்பார்கள் என்று அதில் வருகிறது. பகல் ஒரு நாள் என்றால் ராத்திரி வேலை அரை நாள். 30-உம் 15-உம் 45. ஏன் கூடி உட்கார்ந்தார்கள் என்பதற்கும் காரணம் சொல்கிறார். விளக்குக்கும் கணப்புக்கும் ஆகிற செலவு மிச்சம். கைத்திறமை உள்ளவளைப் பார்த்து மற்றவள் கற்றுக்கொள்வாள்.

ஓவர்டைமைச் சேர்த்துக் கணக்குப் போட்ட ஒரு வரலாற்று ஆசிரியரை நான் அதுவரை பார்த்ததில்லை. அதனால்தான் பிடித்துப்போனது.

எனக்கு வேலை மும்பை சயானில், ஒரு கணக்காளர் அலுவலகத்தில். தாராவி 90 ஃபீட் ரோட்டைச் சுற்றியிருக்கிற கார்மெண்ட் கார்க்கானாக்களுக்கு ஜிஎஸ்டி போடுவது, கூலிப் பதிவேட்டைச் சரிபார்ப்பது, இப்படி. தொலைதூரக் கல்வியில் எம்.ஏ. பொருளாதாரம் படித்தபோது சீனாவின் பழைய பொருளாதாரத்தில் கொஞ்சம் சிக்கிக்கொண்டேன். பெருஞ்சுவர், பட்டுப்பாதை, அரண்மனைச் சதி எதுவும் எனக்கு வேண்டாம். ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு என்ன வந்தது, என்ன போனது, கடைசியில் என்ன மிஞ்சியது? அது கிடைத்தால் போதும்.

ஆச்சரியம் என்னவென்றால், கிடைக்கிறது. சீனர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள்.

மிகப் பழையது லி குய் என்ற அமைச்சர் போட்ட கணக்கு. பேரரசு உருவாவதற்கு முன்பு, வெய் நாட்டில் இருந்தவர். அவர் கணக்கையும் பான் கூதான் எடுத்துக் கொடுத்திருக்கிறார். ஐந்து பேர் குடும்பம், 100 மூ நிலம். (அந்தக் காலத்து மூ சின்னது, நூறும் சேர்த்து ஐந்து ஏக்கர்கூடத் தேறாது.) மூவுக்கு ஒன்றரை ஷி தானியம் (ஷி என்பது தானிய அளவு), மொத்தம் 150 ஷி. பத்தில் ஒரு பங்கு வரி, 15 போனது. ஆளுக்கு மாதம் ஒன்றரை ஷி சாப்பாடு. ஐந்து பேருக்கு வருஷத்துக்கு 90. மிச்சம் 45 ஷி. ஒரு ஷி 30 காசுக்கு விற்றால் 1350 காசு. ஊர்க்கோயில் படையல், திருவிழா வகையில் 300 போக 1050. துணிமணிக்கு ஆளுக்கு 300, ஐந்து பேருக்கு 1500. ஆக 450 காசு பற்றாக்குறை. நோய்நொடி, சாவுச் செலவு, அரசு திடீரென்று போடுகிற வரி இதில் சேரவில்லை என்று லி குய்யே கடைசியில் சொல்லிவிடுகிறார்.

முதல் தடவை படித்தபோது பாவமாக இருந்தது. இரண்டாவது தடவை பதிவேட்டைப் பார்க்கிற கண்ணோடு படித்தேன். துணிக்கு 1500 காசு செலவு என்று எழுதியிருக்கிறார், சரி. அந்தத் துணியை நெய்தது யார்? அந்தக் காலத்தில் ஒரு உழவர் குடும்பம் கட்டுகிற துணியில் பெரும்பகுதி அந்த வீட்டுப் பெண்கள் நூற்று நெய்ததுதான். செலவுப் பக்கத்தில் துணி இருக்கிறது, வரவுப் பக்கத்தில் நெசவு இல்லை. என் மேசைக்கு இப்படி ஒரு கணக்கு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். வெளியில் துணி வாங்கியிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று வைத்துக்கொண்டு அவர் போட்டிருக்கலாம். அப்படியென்றால் அந்த 450 காசு பள்ளத்தை நிரப்பியது வீட்டுக்குள் இருந்த தறி என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

கி.மு. 178-இல் சாவ் சுவோ என்ற அதிகாரி ஹான் பேரரசருக்கு எழுதிய மனுவும் இதே ரகம். ஐந்து பேர் குடும்பத்தில் இரண்டு பேராவது அரசின் கட்டாய வேலைக்குப் போகவேண்டியிருக்கிறது. 100 மூவுக்கு மேல் உழ முடியாது. 100 ஷிக்கு மேல் விளையாது. வரி கட்ட வேண்டிய நேரத்தில் கையில் தானியம் இருப்பவன் பாதி விலைக்கு விற்கிறான், இல்லாதவன் இரட்டிப்பாகத் திருப்பித் தருவதாகக் கடன் வாங்குகிறான், கடைசியில் நிலத்தையும் வீட்டையும் விற்று, பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் விற்கிறான். மனதை உலுக்குகிற எழுத்து. ஆனால் உழுவது, களையெடுப்பது, அறுப்பது, விறகு வெட்டுவது என்று அடுக்கிக்கொண்டு போகிற அந்தப் பட்டியலில் தறி வரவில்லை.

அரசாங்கத்துக்குத் தெரியாமலா இருந்தது? வரி போடும்போது நன்றாகவே தெரிந்திருக்கிறது. தாங் அரச மரபின் காலத்தில், கி.பி. 780-இல் வரிமுறையை மாற்றும்வரை, வயதுவந்த ஒவ்வொரு ஆண் பெயரிலும் வருஷத்துக்கு 2 ஷி தானியம், 20 நாள் கட்டாய வேலை, அதோடு 20 சீன அடி பட்டுத்துணியும் கொஞ்சம் பட்டுப்பஞ்சும். பட்டு விளையாத ஊரில் சணல் துணி. பெயர் அவனுடையது, துணி அவளுடையது. வேலைக்கு வர முடியாதவன் நாளுக்கு 3 அடி பட்டு கொடுத்துத் தப்பிக்கலாம் என்றும் சலுகை இருந்தது. அதையும் அவள்தான் நெய்திருப்பாள்.

இனி எனக்கு மிகவும் பிடித்த மனிதருக்கு வருகிறேன். மிங் ஆட்சியின் கடைசிக் காலம், 1640-ஐ ஒட்டி. யாங்சி ஆற்றின் கழிமுகத்தில் ஹூசோவ் பக்கம் ஷென் என்று ஒரு நிலக்காரர். நெல்லும் மல்பெரியும் வளர்க்கிற பூமி. விவசாயக் குறிப்பு ஒன்று எழுதி வைத்தார். பக்கத்து ஊரில் சாங் லூஷியாங் என்ற அறிஞர் அதை எடுத்து, 1658-இல் தன் குறிப்புகளையும் சேர்த்தார். அதனால் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

வருஷம் முழுக்க வைத்திருக்கும் பண்ணையாள் ஒருவருக்கு ஆகிற செலவை ஷென் இப்படி எழுதுகிறார். கூலி வெள்ளி 5 லியாங். (ஒரு லியாங் சுமார் 37 கிராம்.) சாப்பாட்டு அரிசி ஐந்தரை ஷி, அதன் விலை ஐந்தரை லியாங். வழிச்செலவு மாதிரி சில்லறை 1 லியாங், கருவிகளுக்கு 0.3, விறகுக்கும் மதுவுக்கும் 1.2. மொத்தம் 13. கூட்டிப் பார்த்தேன், சரியாக வருகிறது.

இன்றைய ரூபாயில் எவ்வளவு என்று கேட்காதீர்கள். வெள்ளி விலை தினம் ஏறி இறங்குகிறது, அந்தக் கணக்குக்கு அர்த்தமில்லை. அரிசியில் பார்ப்பதுதான் உருப்படியான வழி. ஷென் காலத்து ஷி பெரியது, ஒரு ஷி அரிசி சுமாராக 80 கிலோ. கைக்கு வந்த கூலி 400 கிலோ அரிசிக்குச் சமம். அது தவிர அவர் சாப்பிட்டது நாளுக்கு ஒரு கிலோவுக்கு மேல். உழைக்கிற உடம்புக்கு அது வேண்டும்தான். கறி, மீனுக்கும் விதி வைத்திருக்கிறார் ஷென். கோடையிலும் இலையுதிர்காலத்திலும் ஒரு நாள் கவிச்சி, இரண்டு நாள் சைவம் என்பது பழைய வழக்கமாம். இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுக்க வேண்டும், கடினமான வேலை நடக்கிற நாட்களில் தினமும் கொடுக்க வேண்டும் என்கிறார். பழைய ஆட்கள் அடங்கிப் போனார்கள், இப்போதைய ஆட்கள் அப்படியில்லை என்ற புலம்பலும் கூடவே வருகிறது. 400 வருஷம் ஆகியும் முதலாளிகள் அதையேதான் சொல்கிறார்கள்.

அந்த ஆள் 8 மூ நெல் வயலையும் 4 மூ மல்பெரி நிலத்தையும் பார்த்துக்கொள்வார். (இந்த மூ சுமார் 15 சென்ட்.) குத்தகை போக நல்ல விளைச்சலில் 8 ஷி அரிசி தேறும், மல்பெரியில் 4 லியாங். உரத்துக்கும் அன்றாடக் கூலிக்கும் ஆகிற செலவை இரண்டாம் போகமும் வைக்கோலும் ஈடுகட்டும். வரவுக்கும் செலவுக்கும் சரியாகப் போய்விடுகிறது, லாபம் ஒன்றுமில்லை என்று முடிக்கிறார்.

அடுத்து பெண்கள். இரண்டு பெண்கள் சேர்ந்து வருஷத்துக்கு 120 பட்டுத்துணி நெய்வார்கள், விலை 120 லியாங். பாவு நூல் 50, ஊடை நூல் 27, கருவிகள், மெழுகு எல்லாம் 5, அந்த இருவர் சாப்பாடு 10. ஏறத்தாழ 90 செலவு, 30 லாபம் என்கிறார். (உண்மையில் கூட்டினால் 92 வரும். ஷென் ஐயா கொஞ்சம் தாராளமாக முழுமையாக்கிவிட்டார்.) வயலில் ஆண் செய்த வேலையில் ஒன்றும் மிஞ்சவில்லை, தறியில் பெண் ஒருத்திக்கு 14, 15 லியாங் மிஞ்சுகிறது. அதுவும் நூல் வாங்கக் கையில் முதல் இருந்தால்தான். முதல் இல்லாதவர் கடனுக்கு நூல் எடுத்தால் பத்துக்கு ஒன்று வட்டி, துணிக்குக் கிடைக்கிற வெள்ளியிலும் தரம் குறைந்து பத்தில் ஒன்று போகும், நடுவில் திருட்டு வேறு என்று எச்சரிக்கிறார்.

அப்புறம் வருகிற வரிதான் என்னை அசையவிடாமல் உட்கார வைத்தது. வீட்டில் நெய்கிற பெண் இருந்தால், நெய்தாலும் நெய்யாவிட்டாலும் அவள் சாப்பிடத்தான் வேண்டும். அவள் கூலியையும் சாப்பாட்டையும் கணக்கில் சேர்க்காவிட்டால் தானாகவே லாபம் வரும்.

இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மா மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் வாழ்க்கைப்பட்ட நாள் முதல் பீஸ் வேலை செய்தவள். சட்டைக்குப் பிசிறு வெட்டுவது, பட்டன் கட்டுவது, கையால் ஹெம்மிங். மத்தியானம் கார்க்கானாவிலிருந்து கட்டு வரும், மறுநாள் காலையில் திரும்பிப் போகும், டஜன் கணக்கில் கூலி. ராத்திரி நாலைந்து பேர் ஒரே வீட்டில் உட்காருவார்கள், மீட்டர் ஓடுவது ஒரு வீட்டில்தான் ஓடட்டும் என்று. இன்று எங்கள் வீடு, நாளை எதிர்வீட்டு மதினி வீடு. கறை பட்ட சட்டைக்குக் கூலி பிடிப்பார்கள். யார் கையில் இருந்தபோது பட்டது என்று சண்டை வரும். என் பள்ளிக்கூடப் புத்தகம் வாங்கியது அந்தக் காசில் என்று எனக்குத் தெரியும். கணக்கெடுப்புக்கு வந்தவர் "வீட்டம்மா என்ன செய்றாங்க?" என்று கேட்டபோது அப்பா, "சும்மாதான் சார், வீட்டோட இருக்கா" என்றார். அம்மா மடியில் அப்போதும் சட்டை இருந்தது.

தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில் இதற்கெல்லாம் எண் இருக்கிறது. வீட்டு வேலை மட்டும் பார்ப்பவர் 92. வீட்டு வேலையோடு விறகு பொறுக்குவது, தங்கள் வீட்டுக்காகத் தைப்பது, நெய்வது மாதிரி ஏதாவது செய்தால் 93. இரண்டுமே உழைப்பாளர் பட்டியலுக்கு வெளியே. கூலிக்குப் பிசிறு வெட்டுகிற அம்மா முறைப்படி உழைப்பாளர் பட்டியலில் வரவேண்டியவள். வாசலில் நிற்பவர் எழுதுவது வாசலில் கிடைக்கிற பதிலைத்தானே.

ஷென் சொன்னதைக் கேட்டு அம்மா சிரித்தாள். "சரியாத்தானட்டி சொல்லியிருக்கான். தச்சாலும் திங்கணும், தைக்காட்டாலும் திங்கணும். அந்தச் சோத்த ஆக்குனது யாருன்னு அவன் எழுதியிருக்கானா?"

எழுதவில்லை.

இது ஏதோ பழங்கதை என்று நினைக்க வேண்டாம். இன்றைய பொருளாதார வரலாற்று ஆய்வாளர்கள் சீனக் குடும்பங்களின் வாழ்க்கைத் தரத்தைப் பற்றிப் போட்டுக்கொண்ட பெரிய சண்டையின் ஒரு முனை இதே இடத்தில்தான் இருக்கிறது. ஃபிலிப் ஹுவாங் 1990-இல் சொன்னது: யாங்சி கழிமுகத்தில் நிலம் சுருங்கச் சுருங்கக் குடும்பங்கள் பெண்களையும் பிள்ளைகளையும் நூற்பிலும் நெசவிலும் இறக்கின. அதில் ஒரு நாளுக்குக் கிடைத்தது வயல் கூலியைவிட மிகக் குறைவு. வேறு வேலைக்குப் போக முடியாத கைகள் என்பதால்தான் அது நடந்தது. ஷென் பேசுகிற அதே தர்க்கம். கென்னத் பொமரான்ஸ் 2000-இல் எதிர்ப்பக்கம் நின்றார்: அந்தக் கழிமுகத்தில் 18-ஆம் நூற்றாண்டுவரை சாதாரண மக்களின் வாழ்க்கை இங்கிலாந்துக்கு இளைத்ததல்ல, நூற்று நெய்கிற பெண்ணின் வருமானம் ஆண் கூலியாளுடையதோடு ஒப்பிடத் தக்கதாகவே இருந்தது. 2002-இல் இரண்டு பேரும் ஒரே ஆய்விதழில் மாறி மாறி எழுதினார்கள். எத்தனை நாளில் ஒரு துணி முடியும், அதில் எத்தனை நாள் நூற்பு, எத்தனை நாள் நெசவு என்று நாள்கணக்கில் தகராறு. ஒரு பருத்தித் துணிக்குக் கொட்டை நீக்கி, நூற்று, நெய்ய ஆறேழு நாள் பிடிக்கும். அதில் தறியில் உட்காருவது ஒரு நாள்தான், பெரும்பகுதி நூற்பு. நூற்புக்குத்தான் கூலி மட்டம். எங்கள் பக்கத்திலும் பிசிறு வெட்டுவதுதான் மட்டம், மிஷினில் உட்காருபவருக்குக் கூடுதல்.

2011-இல் ராபர்ட் ஆலன் முதலானோர் சீன நகரங்களின் கூலியை ஐரோப்பாவோடு வைத்துப் பார்த்தார்கள். உயிரோடு இருக்கக் குறைந்தபட்சம் வேண்டியதை ஒரு கூடையாக வைத்துக்கொண்டார்கள்: நாளுக்கு 1940 கலோரி அளவு தானியமும் பருப்பும், வருஷத்துக்கு 3 கிலோ இறைச்சி, 3 மீட்டர் துணி, கொஞ்சம் எண்ணெய், விளக்கு, விறகு. ஒரு ஆள் வருஷத்துக்கு 250 நாள் வேலை செய்தால் தன் குடும்பத்துக்கு இப்படி எத்தனை கூடை வாங்கலாம் என்பது கேள்வி. 18-ஆம் நூற்றாண்டில் பெய்ஜிங், சூசோவ், காண்டன் கூலியாட்கள் லண்டன், ஆம்ஸ்டர்டாம் கூலியாட்களைவிட வெகுதூரம் பின்னால், மிலான், லைப்சிக் ஆட்களின் நிலையில் இருந்தார்கள் என்று வந்தது. நேர்மையான வேலை, நான் மதிக்கிறேன். ஆனால் கூலிக்குப் போனவர்கள் அன்றைய சீனாவில் சிறுபான்மை. பெரும்பாலான வீடுகளில் சொந்த நிலமோ குத்தகை நிலமோ, கூடவே ராட்டையும் தறியும் இருந்தன. ஒரு ஆணின் 250 நாள் கூலியை அந்த வீட்டின் வருமானம் என்று சொல்ல என் பேனா நகராது.

இதில் எனக்கு ஒரு பக்கம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. கிடைத்த வருமானத்தைப் பொறுத்தவரை பொமரான்ஸ் பக்கம் சாய்வேன், குறைந்தது ஷென் காலத்துப் பட்டு ஊர்களுக்கு. அதற்குக் கொடுத்த விலையைப் பொறுத்தவரை ஹுவாங் பக்கம். லாரல் போசென், ஹில் கேட்ஸ் என்று இரண்டு மானிடவியலாளர்கள் சீனக் கிராமங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூதாட்டிகளிடம் பேசினார்கள். சின்ன வயதில் பாதம் வளராமல் துணியால் இறுக்கிக் கட்டியதும் நூற்பிலும் நெசவிலும் உட்கார வைத்ததும் சேர்ந்தே நடந்திருப்பதைக் காட்டினார்கள். ஓடியாடாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்து நூற்கிற ஆறேழு வயதுக் கை வீட்டுக்கு வருமானம். அந்த 45 நாளில் சிறுமியின் நாளும் உண்டு.

கடைசியாக ஒன்று, மும்பைக்காரர்களுக்கு. 1880-களிலிருந்து சீனத் துறைமுகங்களில் வந்து குவிந்த மிஷின் நூலில் பெரும்பகுதி பம்பாய் ஆலைகளில் திரித்தது. பின்னாளில் ஜப்பான் நூல் வந்து தள்ளும்வரை பம்பாய் ஆலைகளின் பெரிய வாடிக்கை சீனாதான். மலிவான அந்த நூலை வாங்கிப் பாவு போட்டுச் சீன வீடுகள் தொடர்ந்து நெய்தன. போனது நூற்பு, அதாவது ஆறேழு நாளில் பெரும்பகுதி. பரேல் பக்கம் இப்போது மால்களாக நிற்கிற ஆலைகளில் திரித்த நூல் எத்தனை சீன வீடுகளின் ராட்டையை நிறுத்தியது என்று இங்கே யாரும் பேசிக் கேட்டதில்லை. நம் ஊர் ராட்டைகளை மான்செஸ்டர் நிறுத்திய கதை மட்டும் எல்லோருக்கும் மனப்பாடம்.

இப்போது ஒரு உதவி கேட்கிறேன். அம்மாவின் பழைய நோட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. தேதி, எத்தனை டஜன், என்ன ரேட், எவ்வளவு பிடித்தார்கள் என்று எழுதியிருக்கிறாள். அந்தந்த வருஷத்து ரேஷன் அரிசி விலையும் கடை அரிசி விலையும் கிடைத்தால், ஒரு டஜன் பிசிறு வெட்டினால் எத்தனை கிராம் அரிசி என்று போட்டுவிடலாம். லேபர் கேம்ப், கும்பார்வாடா, சயான் கோலிவாடா பக்கம் 1980, 90-களில் பீஸ் வேலை செய்த அம்மாவோ அத்தையோ ஆச்சியோ உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். நோட்டு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ரேட் ஞாபகம் இருக்கும். வருஷம் ஞாபகம் இல்லையென்றால் எந்தப் பிள்ளை எத்தனாம் வகுப்பில் இருந்தது என்று கேளுங்கள், வருஷம் வந்துவிடும். முழுப் பெயர், விலாசம் எதுவும் வேண்டாம். என்ன வேலை, டஜனுக்கு எவ்வளவு, அன்று அரிசி கிலோ என்ன விலை, இந்த மூன்றும் போதும்.